சஹ்யாத்ரி மலையேற்றப் பை: பன்னிரண்டு ஆண்டுகளில் நிலைத்தவையும் விட்டொழித்தவையும்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுப் பரணில் 40 லிட்டர் முதுகுப்பை ஒன்று இருக்கிறது. 2013 ஜூனில் வாங்கியது. கல்சுபாய், ஹரிச்சந்திரகட், ராஜ்மாச்சி, லோகட் என்று மேற்குத் தொடர்ச்சி மலையான சஹ்யாத்ரியில் நான் ஏறிய மலைகளுக்கெல்லாம் அதுதான் வந்திருக்கிறது. இடுப்புப் பட்டையின் கொக்கியை ஒரு முறை மாற்றியிருக்கிறேன். தையல் இன்னும் விடவில்லை. ஆனால் அதற்குள் வைக்கும் பொருள்கள் அடியோடு மாறிவிட்டன.

முதல் ஏற்றம் அந்த ஆண்டு ஜூலையில், கல்சுபாய். 1646 மீட்டர், மகாராஷ்டிரத்தின் மிக உயரமான சிகரம். இரவின் கடைசி கசாரா லோக்கல் ரயிலைப் பிடித்து, அங்கிருந்து ஜீப்பில் பாரி கிராமம் சேர்ந்து, விடியலில் ஏறத் தொடங்கினோம். பைக்கு மழையுறை மாட்டியிருந்ததால் கவலையில்லாமல் இருந்தேன். மழையுறை முதுகோடு ஒட்டியிருக்கும் பக்கத்தை மூடாது என்பது இரும்பு ஏணிகளைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. கழுத்து வழியே இறங்கிய நீர் அந்தப் பக்கமாகவே உள்ளே போய், மாற்றுத்துணி, பணம், போன் எல்லாவற்றையும் நனைத்துவிட்டது. கசாரா பிளாட்பாரத்தில் ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு நின்றது இன்றும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து பைக்குள் இன்னொரு பையை விரிக்கிறேன். குப்பைக்கு வாங்கும் கறுப்புப் பை ஒரே நாளில் கிழிந்துவிடும். சர்க்கரை மூட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் உள்ளுறை இருக்குமே, அதை எங்கள் மளிகைக்கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி மடக்கிக் கட்டவேண்டும். ஓர் உறை இரண்டு மழைக்காலம் தாங்குகிறது. இத்தனை ஆண்டுகளில் பைக்காக நான் செய்ததில் இதைவிடப் பயன்பட்டது எதுவுமில்லை.

நடக்கும்போது நனைவதை இப்போது நான் எதிர்ப்பதில்லை. மழைக்கோட்டுப் போட்டு ஏறினால் உள்ளே வியர்த்து எப்படியும் நனைந்துவிடுவோம். காற்றுக்காகத்தான் மெல்லிய கோட்டு ஒன்று போடுகிறேன். குடை வேண்டவே வேண்டாம். நானேகாட் கணவாயில் அருவி நீரையே காற்று மேல்நோக்கித் திருப்பி வீசுகிறது; குடை எந்த மூலைக்கு? ஜீன்ஸும் வேண்டாம். நனைந்த ஜீன்ஸ் முழங்காலை மடக்கவிடாது, தொடையையும் உரசிப் புண்ணாக்கும்.

குளிர்காலத்தில் நம்மை ஏமாற்றுவது மும்பைதான். டிசம்பரிலும் இங்கே மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும். பல வீடுகளில் ஸ்வெட்டரே கிடையாது. அந்த நினைப்போடு போய் ஹரிச்சந்திரகட்டில் ஓர் இரவு கூடாரத்தில் தங்கினேன். இரண்டு கம்பளி போர்த்தியும் தூக்கம் வரவில்லை. குளிர் தரையிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. இப்போது ஒரே கம்பளிதான், ஆனால் கீழே விரிக்க நுரைப்பாய் இல்லாமல் போவதில்லை. மேலே சேர்ந்ததும் உட்காருவதற்கு முன்பே வியர்த்த பனியனைக் கழற்றி, உலர்ந்ததை மாட்டிக்கொள்கிறேன். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய குரங்குக் குல்லா ஒன்று இருக்கிறது. அதற்கு ஈடாக எதையும் நான் கடையில் பார்க்கவில்லை.

கோடையில் பையின் எடை முழுவதும் தண்ணீர். ஆளுக்கு நான்கு லிட்டர், அதாவது நான்கு கிலோ. இந்த மலைகளிலுள்ள பழைய கோட்டைகளில் பாறையைக் குடைந்து வெட்டிய தொட்டிகள் உண்டு. குளிர்காலத்தில் அவற்றில் தெளிந்த நீர் நிற்கும். ஏப்ரலில் பல தொட்டிகளில் அடிச்சேறுதான் மிஞ்சும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைப் பாதி பாதியாகப் பிரிக்காமல், அதில் போட்டிருக்கும் அளவு நீரில் முழுவதையும் கரைக்கவேண்டும். மே கடைசியில் ராஜ்மாச்சிக்கு மின்மினி பார்க்கப் போகிறவர்கள் டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பூச்சிகள் ஒளியால்தான் இணையை அழைக்கின்றன; வெள்ளை வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும்.

சாப்பாட்டில் மூன்று பருவத்துக்கும் புளியோதரைதான். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைக் கோடையில் மதியத்துக்குள் தீர்த்துவிடவேண்டும்.

காலணி பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. 2017 செப்டம்பரில் லோகட் இறங்கும்போது பின்னால் வந்த தம்பி, "அண்ணா, உங்கள் காலைப் பாருங்கள்" என்றான். வலது காலணியின் அடிப்பாகம் குதிகாலில் பிளந்து, நாக்குப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன், நடுவிலிருந்த நுரை ஊறிய பிஸ்கட் போல உதிர்ந்தது. அகலமான ஒட்டுப்பட்டையைத் தண்ணீர்ப் பாட்டிலின்மேல் சுற்றி வைத்திருந்தான் தம்பி. காலணியைத் துடைத்து, அதை நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டி அடிவாரம் வந்து சேர்ந்தேன். அன்றுமுதல் என் பாட்டிலிலும் அது இருக்கிறது.

அந்தக் காலணியை அதற்கு முன் ஓராண்டாக நான் போடவே இல்லை. மலை அதைக் கெடுக்கவில்லை, பரண் கெடுத்திருக்கிறது. பல காலணிகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரை. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். சும்மா வைத்திருந்தாலும் சிதையும். கடலோர மும்பையில் அது விரைவாகவே நடக்கிறது. ஈவிஏ என்ற வேறு வகை நுரை இப்படி உதிர்வதில்லை, ஆகவே கேட்டுத்தான் வாங்குகிறேன். என் பழைய மழைக்கோட்டின் உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்ததற்கும் இதே ஈரம்தான் காரணம். டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றாமல் விட்டு, அது கசிந்து விளக்கே போனதும் உண்டு.

இப்போதெல்லாம் திரும்பிய அன்றே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், காலணியின் உள்தட்டை உருவி எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிக்கிறேன். மறுநாள் காலையில் அந்தத் தாள் கனத்திருக்கும். அதை எடுத்துவிட்டுப் புதியதைத் திணித்து, மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் வைக்கிறேன். பை எல்லா ஜிப்பும் திறந்தபடி பால்கனிக் கொடியில் தலைகீழாகத் தொங்கும். அடியைத் தொட்டுப் பார்த்து, ஈரம் துளியும் இல்லையென்றால்தான் பரணில் ஏற்றுகிறேன்.