நூறு கேள்வி அட்டைகள்: பாதிதான் தேறியது

எங்கள் சபையில் மாதக் கடைசிச் சனிக்கிழமை குடும்ப ஐக்கியக் கூட்டம், மாதம் ஒரு வீட்டில். பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு எல்லாம் முறையாக நடந்துவிடும். அப்புறம் வடையும் டீயும் வரும்வரைதான் கஷ்டம். ஆண்கள் கரண்ட் பில்லைப் பேசுவார்கள், பெண்கள் அடுக்களைக்குள் போய்விடுவார்கள், பிள்ளைகள் போனுக்குள். ஐக்கியம் என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படியா என்று, சபைக் கூட்டங்களில் பேச்சைத் தொடங்கிவைக்கும் கேள்வி அட்டைகள் ஒரு பெட்டி ஆன்லைனில் வாங்கினேன். 100 அட்டை, 649 ரூபாய். மூன்று கூட்டத்தில் பார்த்தாயிற்று.

எல்லாம் இங்கிலீஷ். அது பரவாயில்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள், வாசிக்கும்போதே தமிழாக்கிவிடுவேன். ஆனால் வெளிர்மஞ்சள் அட்டையில் சாம்பல் நிற எழுத்து! டியூப்லைட் வெளிச்சத்தில் என் கண்ணாடிக்கே பிடிபடவில்லை. கேள்விகளும் அமெரிக்காவுக்கு எழுதியவை. 'பனி கொட்டி ரோடு அடைத்துவிட்டால் வீட்டில் என்ன செய்வீர்கள்?' என்று பாளையங்கோட்டையில் மே மாதம் கேட்டால் என்ன சொல்ல? நவம்பரில் அவர்கள் கொண்டாடும் நன்றி நாள் விருந்தைப் பற்றி மட்டும் ஏழு அட்டை. அதில் ஒன்றை நான், காணிக்கையாக வந்த பொருள்களைச் சபையில் ஏலம் விடும் எங்கள் அறுப்பின் பண்டிகைக்கு மாற்றிக் கேட்டேன்: 'ஏலத்தில் நீங்கள் கூடுதல் விலை கொடுத்து எடுத்த பொருள் எது?' ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டையை 500 ரூபாய்க்கு எடுத்த கதையை ஒரு தம்பி சொல்ல, அவன் மனைவிக்கு அன்றுதான் விஷயம் தெரிந்தது.

சரி, நல்லதையும் சொல்கிறேன். 'நோவாவின் பேழையில் எந்த மிருகத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் அழுவீர்கள்?' என்ற அட்டைக்கே கொடுத்த காசில் பாதி போகும். பிள்ளைகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். அதைவிட, சகேயு அட்டை. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறின குள்ள மனுஷன் சகேயு. அவன் ஏறியது காட்டத்தி மரம், நீங்களென்றால் எந்த மரத்தில் ஏறுவீர்கள் என்று கேள்வி. மா, வேம்பு, கொய்யா என்று சுற்றி வந்தது. மூலையில் ஒரு தாத்தா. கூட்டத்துக்கு வருவார், ஆமென் சொல்வார், போவார். அன்றைக்கு, "பனைதான், வேறென்ன?" என்றார். "பனையில் ஏறினா ஒளிய முடியாதே தாத்தா" என்றான் ஒரு பையன். "ஒளியதுக்கா ஏறினோம்?" என்று ஆரம்பித்தவர்தான். காலில் தளைநார் மாட்டும் விதம், பாளை சீவும் பக்குவம், பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது, எல்லாம் வந்தது. இருபது மரம் ஏறி இறங்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாராம். அவர் மருமகளே வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். வடை ஆறிப்போனது, யாரும் தொடவில்லை.

ஆனால் இதே பெட்டிக்குள் கண்ணிவெடியும் இருக்கிறது. 'உங்களால் விட முடியாத பாவம் எது?' என்று ஓர் அட்டை, வேடிக்கைக் கேள்விகளுக்கு நடுவில். மாமியாரும் மருமகளும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் சபைப் போதகர் ஐயர். யார் வாயைத் திறப்பார்? எடுத்த மைனி அட்டையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "டீ கொதிக்குது" என்று எழுந்து போய்விட்டார். சரியான பதில் என்று ஒன்று இல்லாத கேள்வி எல்லாரையும் பேசவைக்கிறது. பக்தியை அளந்து பார்க்கும் கேள்வி வாயை மூடவைத்துவிடுகிறது. பெட்டியைத் தயாரித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடவில்லை.

அட்டையும் மெலிசு. டீ பட்ட இரண்டு ஒட்டிக்கொண்டன, பெட்டியின் மூலை முதல் மாதமே கிழிந்தது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன். வாங்குவதானால் முந்தின நாளே உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்து, ஆகாததை எடுத்துவிடுங்கள். எங்களிடம் இப்போது மிச்சம் 52. அதோடு நாங்களே எழுதிய பன்னிரண்டும் சேர்ந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. கடைசியாகச் சேர்ந்தது பனையேறித் தாத்தா கொடுத்தது, இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கின கல்யாண வீட்டைப் பற்றி: 'கானாவூர் கல்யாணத்துக்குப் பந்தி விசாரிக்க நம்ம சபையிலிருந்து யாரை அனுப்பலாம், யாரை அனுப்பவே கூடாது?'