முதல் வாடகை முதலீடு: ஒரே பிளாட்டா, மூணு போர்ஷன் வீடா?

வாடகை வருமானத்துக்குன்னு முதல் தடவை சொத்து வாங்கப் போறவங்க பெரும்பாலும் இந்த ரெண்டுக்கு நடுவுல தான் முழிக்கிறாங்க. ஒண்ணு அபார்ட்மென்ட்ல ஒரு பிளாட், இன்னொண்ணு ரெண்டு மூணு போர்ஷனா பிரிச்சிருக்குற கொஞ்சம் பழைய தனி வீடு. நான் எடுத்தது மூணு போர்ஷன் வீடு, இன்னைக்கு கேட்டாலும் அதையே தான் எடுப்பேன், அதனால என் சாய்வு எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கிட்டே படிங்க.

நல்ல ஏரியாவா பாருங்க, பத்திரத்த வக்கீல்கிட்ட காட்டுங்க, லோனுக்கு முன்னாடியே பேங்க்ல பேசி வைங்க, இதெல்லாம் ரெண்டுக்கும் பொது, விட்டுடுறேன். உண்மையில முடிவ மாத்துறது ஒரே விஷயம் தான், வீடு காலியா கிடக்குற மாசம்.

பிளாட் வாடகை மாசம் 100னு வச்சுக்குவோம், ஈஎம்ஐ 60. ஆள் இருக்குற வரைக்கும் பிரமாதம். காலி பண்ணிட்டாங்கன்னா அன்னைலேர்ந்து வரவு பூஜ்யம், ஆனா ஈஎம்ஐ நிக்காது, அசோசியேஷன் மெயின்டனன்ஸ் நிக்காது, சொத்து வரியும் நிக்காது, எல்லாம் சம்பளத்துலேர்ந்து தான் போகணும். ஒரு மாசம் காலின்னாலே வருஷ வாடகையில 8.3% போச்சு, ரெண்டு மாசம்னா கிட்டத்தட்ட 17%. வாங்கும்போது புரோக்கர் சொல்ற வருமானக் கணக்குல இது எங்கயுமே இருக்காது, 12 மாசமும் ஆள் இருக்காங்கன்னு வச்சுத்தான் பேசுவாங்க.

இதே 100 மூணு போர்ஷன்லேர்ந்து 30, 35, 35னு வருதுன்னா, ஒண்ணு காலியானாலும் 65 இல்ல 70 வந்துடும், ஈஎம்ஐ கட்டிடலாம். இங்க ஒரு விஷயத்த நேர்மையா சொல்லணும். ஒவ்வொரு போர்ஷனும் வருஷத்துக்கு ஒரு மாசம் காலியா இருந்தா சராசரி நஷ்டம் அதே 8.3% தான், போர்ஷன் வீடு அதக் குறைக்கல. மொத்தமா ஒரே நேரத்துல வர்ற அடிய தனித்தனியா பிரிச்சு விடுது, அவ்ளோ தான். ஆனா லோன் எடுத்து ஆரம்பிக்கிறவங்களுக்கு அது தான் உயிர், ஏன்னா பேங்க் சராசரி பார்க்காது, ஒவ்வொரு மாசமும் தேதி வந்தா பணம் இருக்கணும்.

இன்னொண்ணு, அவசரம் இல்லாம ஆள் பார்த்து விடலாம். பிளாட் காலியா கிடந்தா ஒரு மாசம் தாண்டுனதும் யார் வந்தாலும் சாவிய கொடுத்துடலாம்னு மனசு வரும், வாடகை ஒழுங்கா தராதவங்க உள்ள வர்றது பெரும்பாலும் அப்படித்தான். வாடகை ஏத்தும்போதும் இதே கணக்க போட்டுப் பாருங்க. 5% ஏத்துறீங்க, நல்லா இருந்தவங்க கிளம்பிட்டாங்க, ஒரு மாசம் காலி. அந்த ஒரு மாச வாடகைய இந்த 5%ல திரும்ப எடுக்க 20 மாசம் ஆகும், அதுக்கு மேல பெயின்ட் செலவு, புரோக்கர் கமிஷன் வேற. ஒழுங்கா இருக்குறவங்கள கொஞ்சம் கம்மி வாடகைக்கு வச்சுக்கிறது நஷ்டமே இல்லைங்க.

பராமரிப்புல போர்ஷன் வீடு தோத்துடும், அதுல சந்தேகமே வேண்டாம். மூணு கிச்சன், மூணு பாத்ரூம், மூணு மடங்கு குழாய் ரிப்பேர், மொட்டை மாடி ஒழுகினா முழு செலவும் நம்ம தலையில. பிளாட்ல மாடி, லிஃப்ட், தண்ணி டேங்க் எல்லாம் பங்கு போட்டுக்கலாம். வாங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி கரன்ட் மீட்டர் இருக்கான்னு மட்டும் கட்டாயம் பாருங்க, இல்லன்னா மாசா மாசம் பில்ல பிரிக்கிறதுலயே சண்டை வரும். எதை வாங்கினாலும் 6 மாச ஈஎம்ஐ தனியா எடுத்து வைங்க, போர்ஷன் வீடுன்னா அதுக்கு மேல ரிப்பேருக்கும் கொஞ்சம்.

கட்டடமே வேண்டாம், ரீட் (REIT, நிறைய பேர் பணத்த சேர்த்து வாடகைக் கட்டடங்கள வச்சு நடத்துற அமைப்பு) யூனிட், அதாவது அதுல ஒரு பங்கு, வாங்கிக்கிறேன்னு சிலர் சொல்றாங்க. 1960ல அமெரிக்காவுல சட்டம் போட்டு ஆரம்பிச்ச ஏற்பாடு இது, இப்போ நிறைய நாடுகள்ல இருக்கு, வர்ற வருமானத்துல 90% முதலீட்டாளருக்கு பிரிச்சுக் கொடுக்கணும்ங்கற மாதிரி விதி பல இடத்துல உண்டு. சின்ன தொகை போதும், குழாய் ரிப்பேர் கிடையாது, வேணும்னா பங்குச் சந்தையில வித்துடலாம். ஆனா விலை சந்தையோட சேர்ந்து ஏறி இறங்கும், வீட்டுக்குத் தர்ற மாதிரி நீண்ட கால லோனும் கிடைக்காது. நான் இதுல போட்டிருக்குறது ரொம்ப கொஞ்சம், அதனால அடிச்சுப் பேச மாட்டேன்.

ரீசேல்லயும் அப்படித்தான், நான் இன்னும் வித்துப் பார்க்கல. நிலம் முழுசா நம்மளோடதுங்கறது போர்ஷன் வீட்டுக்கு பெரிய பலம், கட்டடம் தேயும், நிலம் தேயாது. ஆனா பிளாட் வாங்க ஆள் அதிகம், குடியிருக்க வர்றவங்களும் வாங்குவாங்க, மூணு போர்ஷன் வீட்ட கேட்டு வர்றவங்க அவ்ளோ பேர் இல்ல. அஞ்சு வருஷத்துக்குள்ள இந்தப் பணம் வேற எதுக்காவது தேவைப்படும்னா, இல்ல சொத்து இருக்குற ஊர்ல நீங்க இருக்கப் போறதில்லன்னா, பிளாட்டே எடுத்துக்கோங்க.