திரையின் மூலையில் ஒரு வட்டம்: வருடக்கணக்கில் விளையாடிய கேம்கள் பற்றி

விட்சர் 3 கேமை முதல் முறை முடித்தபோது 140 மணி நேரம் ஆகியிருந்தது. சில மாதம் கழித்து நண்பர் ஒருவர் கேட்டார்: "அதில் நோவிகிராட் என்று ஒரு நகரம் வருமாமே, எப்படி இருக்கும்?" சொல்லலாம் என்று வாயெடுத்தேன், ஒன்றும் வரவில்லை. அந்தத் தெருக்களில் எத்தனை தடவை குதிரையில் போய்வந்திருக்கிறேன்! ஆனால் ஞாபகத்தில் இருந்தது திரையின் வலது மேல் மூலையில் வழி காட்டும் மினி மேப் என்ற சின்ன வட்டமும், அதற்குள் நெளிந்து ஓடும் புள்ளிக்கோடும்தான். நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து செதுக்கிய ஊரை நான் பார்க்கவே இல்லை. வட்டத்தைப் பார்த்தபடியே ஊரைக் கடந்து போயிருக்கிறேன்.

அன்றிலிருந்து எந்த கேமை எடுத்தாலும் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினேன். விளையாடும்போது என் கண் எங்கே நிற்கிறது? கிராஃபிக்ஸ், கதை, சண்டை எல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான். இங்கே சொல்லப்போகிற கேம்களில் பெரும்பாலானவற்றை ஒரு முறையாவது முழுதாக முடித்திருக்கிறேன், சிலவற்றை மூன்று நான்கு முறை. வாங்கிய வாரத்தில் தோன்றியதை எழுதவில்லை. வருடங்கள் போன பிறகும் மாறாமல் நிற்பதை, அல்லது தலைகீழாக மாறிப்போனதை எழுதுகிறேன்.

விட்சரிலேயே ஆரம்பிக்கிறேன். 2015-இல் வந்த கேம். எழுத்து என்று பார்த்தால் இதற்கு இணையாக இன்னும் அதிகம் வரவில்லை. ப்ளடி பேரன் (Bloody Baron) என்ற பிரபுவின் கதையை இரண்டு முறை விளையாடினேன், இரண்டு முறையும் எது சரி என்று முடிவெடுக்க முடியாமல் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். குடித்துவிட்டு மனைவியை அடித்தவன், அவளையும் மகளையும் தேடித் தரச் சொல்லிக் கெஞ்சுகிறான். அவன்மேல் வெறுப்பு வரும் நேரத்தில் இரக்கத்தையும் வரவைத்துவிடுகிறார்கள். இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்தவர்கள், துப்புத் துலக்கும் வேலையை மட்டும் ஒரு பட்டனில் அடக்கிவிட்டார்கள். பட்டனை அழுத்தினால் தடயமெல்லாம் சிவப்பாக மின்னும், அதைத் தொடர்ந்து நடந்தால் போதும். என்ன நடந்திருக்கும் என்பதையும் நாயகன் ஜெரால்ட்டே சொல்லிவிடுவான். யோசிக்க எனக்கு எதுவும் மிச்சமில்லை.

இரண்டாம் முறை செட்டிங்ஸில் மினி மேப்பை அணைத்துவிட்டு விளையாடினேன். பாதி வெற்றி. வெலன் சதுப்பு நிலத்தில் சாயங்கால வெளிச்சம் மரங்களுக்கு இடையே எப்படி விழுகிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன். ஆனால் குவெஸ்ட், அதாவது முடிக்க வேண்டிய வேலை, கொடுப்பவர்கள் யாரும் வழி சொல்வது அரிது. "அங்கே போய்ப் பார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வட்டம் காட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் எழுதிய வசனம் அது. அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை முழு மேப்பைத் திறக்க வேண்டியிருந்தது. மேப்பில் ஸ்கெலிகே கடல்மேல் மிதக்கும் கேள்விக்குறிகளைப் பற்றி ஒரே வரி: விட்டுவிடுங்கள். படகை நிறுத்தி, சைரன் என்ற அரக்கிகளை விரட்டி, மூழ்கிக் கிடக்கும் பெட்டியைத் திறந்து, மறுபடி அடுத்த கேள்விக்குறி. இரண்டு வாரம் இதில் போனது, ஒரு பெட்டியில் என்ன இருந்தது என்றுகூட இப்போது நினைவில்லை.

இதற்கு நேர் எதிர்த் துருவம் மாரோவிண்ட். 2002-இல் வந்தது. நான் வெகு தாமதமாகத்தான் விளையாடினேன், அதனால் பழைய பாசம் எதுவும் இல்லாமல் சொல்கிறேன். ஆரம்பத்திலேயே ஆர்க்ந்தாண்ட் என்ற பாழடைந்த இடத்துக்குப் போய் ஒரு பெட்டியைக் கொண்டுவரச் சொல்வார்கள். மேப்பில் அம்புக்குறி கிடையாது. ஊரைவிட்டுத் தெற்கே போ, பாலத்தைக் கடந்து கோட்டைப் பக்கம் திரும்பு என்று நம் ஊர்க்காரர் வழி சொல்வதுபோல கேமுக்குள் இருக்கும் ஜர்னல் என்ற குறிப்பேட்டில் எழுதியிருக்கும். நான் ஒரு பிரிவில் தவறாகத் திரும்பி, வழியில் இன்னொரு குகைக்குள் நுழைந்து, உயிர் தப்பித் திரும்பி வந்தேன். கடைசியில் இடத்தைக் கண்டுபிடித்தால் கதவு திறக்கவில்லை! சுற்றிச் சுற்றி வந்தபின்தான் வெளியே குழாய் ஒன்றில் திருகும் பிடி இருப்பது கண்ணில் பட்டது. அதைத் திருகியதும் கல் அசைந்து வழிவிட்டது. உள்ளே அந்தப் பெட்டி ஒரு ஷெல்ஃபில் சாதாரணமாக இருக்கும், மின்னாது, கூப்பிடாது. அதைக் கையில் எடுத்த அந்த நொடி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

குறை இல்லாமலா? நிறைய இருக்கிறது. வாள் எதிரியின் உடம்பில் படுவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் உள்ளே பகடைபோல உருளும் எண் ஒத்துழைக்காவிட்டால் அடி விழாது. முதல் பத்து மணி நேரம் இது எரிச்சல்தான். நடை மெதுவோ மெதுவு. மேலே பறந்துவந்து கொத்தும் க்ளிஃப் ரேசர்களை விளையாடியவர் யாரும் மன்னித்திருக்க மாட்டார்கள். இதே வரிசையில் பிற்பாடு வந்த ஸ்கைரிமில் சண்டை எவ்வளவோ மேல், ஊர்களும் அழகு. ஆனால் போக வேண்டிய இடத்தை திசைகாட்டிப் பட்டை காட்டிக்கொண்டே இருக்கிறது. என் கண்ணும் திரையின் மேல்பக்கமே போய் ஒட்டிக்கொள்கிறது.

ப்ரெத் ஆஃப் த வைல்டு பற்றி என் கருத்து முழுதாக மாறியது. 2017-இல் முதலில் விளையாடியபோது, ஆயுதங்கள் உடைகின்றனவே என்று கோபம். நல்ல வாளைக் கையில் வைத்துக்கொண்டு, உடைந்துவிடுமோ என்று பயந்து மரக்கட்டையால் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை அந்தப் பயத்தை விட்டுவிட்டேன். கையில் இருப்பதை வீசு, உடைந்தால் எதிரியுடையதைப் பிடுங்கு. சண்டை ஒவ்வொன்றும் வேறு வேறாக மாறியது. கண் விஷயத்தில் இந்த கேம் செய்த காரியம் பெரியது. கோபுரத்தில் ஏறினால் நிலப்பரப்பின் மேப் மட்டும்தான் திறக்கும். சின்னங்களால் நிரம்பிவிடாது. மேலே நின்றபடி ஸ்கோப் வழியே பார்த்து, தூரத்தில் ஆரஞ்சாக ஒளிரும் சன்னதி எங்கே என்று நாமே குறி வைக்க வேண்டும். பார்த்தால்தான் போக முடியும். மழையில் பாறை வழுக்கி விழுவதை மட்டும் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. பாதி மலையில் தொங்கிக்கொண்டு மழை நிற்கக் காத்திருப்பது சவாலே இல்லை, நேர விரயம். 900 கோரோக் விதைகளைத் தேடி முடிக்க வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். நடக்கும் வழியில் கண்ணில் படுவதற்காக வைத்தவை அவை.

2022-இல் வந்த எல்டன் ரிங் அதே வழியில் போய், இன்னும் கடுமையாக இருக்கிறது. இடிபாடு ஒன்றின் நிலவறையில் ஒரு பெட்டி இருந்தது, ஆசையாகத் திறந்தேன். புகை கிளம்பியது. கண் திறந்தால் முன்பின் தெரியாத சுரங்கம், ஒரே அடியில் சாகடிக்கும் பூச்சி மனிதர்கள், அங்கிருந்து வேறு இடத்துக்குத் தாவவும் முடியாது. பதுங்கிப் பதுங்கி வெளியே வந்து பார்த்தால் வானமே சிவப்பு. கேலிட் என்ற பகுதி அது! அந்தப் பயம் கதை சொல்ல ஓடும் எந்த கட்சீன் காட்சியாலும் வராது. ஆனால் துணைக் கதாபாத்திரங்களின் கதைகளை இந்த கேம் நடத்தும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் எங்கோ கிளம்பிப் போய்விடுவார், எங்கே என்று குறிப்பு சரியாக இருக்காது, நாம் வேறு பக்கம் போனதாலேயே அவர் கதை முடிந்துவிடும். வந்த அடுத்த மாதமே ஒரு பேட்ச்சில் அவர்கள் நிற்கும் இடத்தை மேப்பில் காட்டத் தொடங்கினார்கள், அது நல்ல திருத்தம். வழி சொல்லாமல் விடுவது வேறு, தகவலையே தராமல் விடுவது வேறு. மாரோவிண்டின் ஜர்னல் எனக்கு வழி சொன்னது. எல்டன் ரிங்கில் பல இடங்களில் சொல்வதற்கு ஆளே இல்லை.

இந்தச் சிக்கலை எல்லோரையும்விட அழகாகத் தீர்த்தது ஹாலோ நைட் என்பேன். ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னக் குழு செய்த 2டி கேம். பூமிக்கடியில் ஒரு பூச்சி ராஜ்யம். புதிய பகுதிக்குள் நுழைந்தால் மேப் இருக்காது. கார்னிஃபர் என்று ஒருவர் அங்கே எங்காவது உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பார். தரையில் காகிதங்கள் சிதறிக் கிடந்தால் அவர் பக்கத்தில்தான் இருக்கிறார். முணுமுணுப்பாக அவர் பாடும் மெட்டும் மெல்லக் கேட்கும். காதைத் தீட்டிக்கொண்டு போனால் ஆளைப் பிடிக்கலாம். அவரிடம் வாங்கும் மேப்பும் அரைகுறைதான். இறகுப் பேனா ஒன்று வாங்கியிருந்தால், பெஞ்சில் போய் உட்காரும்போது, அதுவரை நடந்த இடங்கள் அதில் சேரும். அந்த மேப்பில் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமென்றால் தனியாக ஒரு தாயத்து அணிய வேண்டும். ஆரம்பத்தில் தாயத்துகளுக்கு இருப்பதே மூன்று இடம், அதில் ஒன்றை இது தின்றுவிடும். பலமா, இருக்கும் இடம் தெரிவதா, இரண்டில் எது வேண்டும் என்று நம்மையே கேட்கிறார்கள். நான் முதலில் தாயத்தோடுதான் சுற்றினேன். எந்தத் தூண், எந்த விளக்கு, எந்த இடத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் என்பதெல்லாம் பழகியபின் ஒரு நாள் அதைக் கழற்றி வைத்தேன். அப்புறம் அது தேவைப்படவே இல்லை. டீப்நெஸ்ட் என்ற பகுதி மட்டும் விதிவிலக்கு. அந்த இருட்டில், சுவருக்குப் பின்னால் ஏதோ ஓடும் சத்தத்தில், கார்னிஃபரைத் தேடி அலைந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இறந்துபோனால் பெஞ்சிலிருந்து பாஸ் என்னும் பெரிய எதிரி வரைக்கும் மறுபடி நடக்க வேண்டும் என்பது இதில் உண்மையான குறை. சில பாஸ்களுக்கு அந்த நடை தேவைக்கு மேல் நீளம். செலஸ்ட் கேமில் இந்தத் தொல்லையே கிடையாது, செத்த அடுத்த கணமே அதே திரையில் திரும்ப நிற்கலாம். கஷ்டமாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ள அசிஸ்ட் மோடும் உண்டு, அதைப் பயன்படுத்தியதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. எல்லா கேமும் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பற்றிச் சொல்லும்போது மனம் இரண்டுபடுகிறது. மிஷன் இல்லாத நேரத்தில் அதைவிட உயிருள்ள உலகத்தை நான் பார்த்ததில்லை. குதிரையைத் தேய்த்துவிட்டு, மலைச்சரிவில் மூடுபனி விலகக் காத்திருந்து, நாயகன் ஆர்தர் தன் நோட்டில் வரைந்த படத்தைப் புரட்டிப் பார்ப்பதிலேயே பல மாலைகள் போயின. மிஷன் தொடங்கியதும் அதே கேம் ஆளே மாறிவிடும். மஞ்சள் குறியை விட்டுக் கொஞ்சம் விலகினால் "தோல்வி" என்று வந்துவிடும். பக்கவாட்டிலிருந்து தாக்கலாமே என்று ஒரு யோசனை வந்தால் அதற்கு அனுமதியில்லை. இவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டிவிட்டு, முக்கியமான நேரத்தில் மட்டும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது ஏன் என்று புரியவில்லை.

கார் ரேஸிலும் இதே கதைதான். ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்டில் சாலைமேல் ஒரு கோடு ஓடும், பிரேக் போட வேண்டிய இடத்தில் சிவப்பாகும். இரண்டு வருடம் அந்தக் கோட்டைத்தான் ஓட்டினேன், காரை அல்ல. அதை அணைத்துவிட்டு 20 கிலோமீட்டருக்கு மேல் நீளமான நூர்பர்க்ரிங் ரேஸ் பாதையில் இறங்கினேன். முதல் வாரம் மோதாத வேலியில்லை. பிறகு மேட்டின் விளிம்பு, புல் தொடங்கும் இடம், எஞ்சின் சத்தத்தின் மாற்றம் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பிரேக்குக்கு மட்டும் கோடு காட்டும் ஆப்ஷனை முதலில் வையுங்கள். கோட்டை ஒரே நாளில் அணைத்தால் வெறுத்துவிடும்.

போனில் தினமும் லாகின் செய்யச் சொல்லும் ஒரு கேமையும் எட்டு மாதம் விளையாடினேன். பெயர் வேண்டாம், பலவும் ஒரே அச்சுதான். மெனு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். அதையெல்லாம் தட்டித் தட்டி அழிப்பதற்கே நான் அதைத் திறக்கிறேன் என்று புரிந்த அன்றைக்கு போனிலிருந்து எடுத்துவிட்டேன். வருத்தமில்லை.

ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்னை 2018-இல் வந்தவுடனே விளையாடினேன், இன்றுவரை அதன் பக்கம் திரும்பப் போக முடியவில்லை. லூகஸ் போப் என்ற ஒருவரின் கைவண்ணம், கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் ஆன ஒரு பழைய கப்பல், 60 பேரின் கதி. யார் யார், எப்படிப் போனார்கள் என்று நாமே கண்டுபிடித்து எழுத வேண்டும். உடை, பேச்சு, யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் தடயம், எதுவும் மின்னாது. மூன்று பேரைச் சரியாக எழுதினால்தான் சரி என்று ஒத்துக்கொள்ளும், அதனால் குருட்டு யூகம் அவ்வளவாகச் செல்லாது. விடை தெரிந்தபின் மறுபடி விளையாட இடமில்லை என்பதுதான் துக்கம்.

விண்வெளியில் கிரகம் கிரகமாகச் சுற்றும் அவுட்டர் வைல்ட்ஸும் அப்படியே. 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். லெவல் ஏறாது, ஆயுதம் கிடைக்காது, தெரிந்துகொண்டது மட்டும்தான் நம்மோடு வரும். என் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான், என்னால் இனிமேல் விளையாட முடியாத கேமாக இருந்தும்.

போன மாதம் தங்கை அதைத் தொடங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். ப்ரிட்டில் ஹாலோ என்ற கிரகத்தில் இறங்கி, சுவரில் இருந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். காலடியில் தரை விரிசல் விட்டது, அவள் கவனிக்கவில்லை. எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. தரை உடைந்து, கிரகத்தின் நடுவில் இருக்கும் கருந்துளைக்குள் விழுந்தாள். திரையில் நட்சத்திரங்கள் நீண்டு வளைந்தன.

"அண்ணா, செத்துட்டேனா?"

"பாரேன்."

எங்கோ தூரத்தில், வெள்ளை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தாள். கன்ட்ரோலரை மெல்லத் திருப்பி, சுற்றிலும் பார்க்கத் தொடங்கினாள்.