சூப்பர்காருக்குத் தனி எஞ்சின் வேண்டுமா, பகிர்ந்த எஞ்சின் போதுமா?

லம்போர்கினி ஹுராகானும் ஆடி ஆர்8-உம் 5.2 லிட்டர் வி10 (வி வடிவில் பத்து சிலிண்டர்) எஞ்சினைப் பகிர்ந்துகொண்டவை. இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. எஞ்சினை உருவாக்கும் செலவும் புகை விதிகளுக்கான சோதனைச் செலவும் பல கார்களில் பரவிவிடும். நம்பகத்தன்மையும் கூடும்.

அப்புறம் மறுபக்கம் லெக்ஸஸ் எல்எஃப்ஏ. யமஹாவோடு சேர்ந்து உருவாக்கிய அதன் 4.8 லிட்டர் வி10 வேறு எந்தக் காருக்கும் போகவில்லை. கார்களும் மொத்தம் 500தான். நின்ற நிலையில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் 0.6 விநாடியில் எஞ்சின் 9,000 ஆர்பிஎம்மைத் (நிமிடத்துக்கு 9,000 சுழற்சி) தொடும். சுழற்சியைக் காட்டும் மீட்டரின் சாதாரண முள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்பதால் டிஜிட்டல் மீட்டர் வைத்தார்கள். சத்தத்தைச் செதுக்க யமஹாவின் இசைக்கருவிப் பிரிவு உதவியது. கடன் வாங்கிய எஞ்சினில் இப்படி ஒரு குரலை எதிர்பார்க்கவே முடியாது.

சரி, அப்படியானால் பகானி? இந்த இத்தாலிய நிறுவனத்தின் ஸோண்டா காரில் இருப்பதும் கடன் வாங்கிய எஞ்சின்தான், மெர்சிடீஸ் ஏஎம்ஜி வி12. ஆனாலும் அதன் விலையை நான் குறை சொல்ல மாட்டேன். கார்பன் உடலிலும் கைவேலையிலும் பணம் எங்கே போனது என்று கண்ணுக்கே தெரிகிறது. அப்படி எதுவும் இல்லாமல், எஞ்சினும் பொதுவானதாக இருந்து விலை மட்டும் ஏறினால், நான் தயங்காமல் எல்எஃப்ஏ பக்கம்தான் போவேன். உதிரிபாகம் கிடைப்பது கடினம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.