கடலிலிருந்து எழும் பாதரசம்: நீரில் அளப்பதா, காற்றில் அளப்பதா?

கடல் காற்றிலிருந்து பாதரசத்தை வாங்கிக்கொள்கிறது, திருப்பியும் கொடுக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018 மதிப்பீட்டைப் பார்த்தால், 2015இல் மனிதர்கள் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,220 டன். கடலிலிருந்து காற்றுக்கு ஏறுவது ஆண்டுக்குச் சுமார் 3,400 டன், காற்றிலிருந்து கடலில் இறங்குவது சுமார் 3,800 டன். கடலில் நிகரமாகத் தங்குவது இந்த இரண்டு பெரிய எண்களுக்கும் நடுவே இருக்கும் சின்ன வித்தியாசம்தான். ஏறுவதை அளப்பதில் பத்து சதவீதம் தவறினாலே அந்த வித்தியாசம் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். மீனுக்குள் போய்ச் சேரும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசத்தின் கணக்கும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதனால் எந்த முறையில் அளக்கிறோம் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் குழு முறையைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது நான்கு வழிகள் முன்னால் இருந்தன. மிதக்கும் பெட்டியைக் கவிழ்த்து வைத்து உள்ளே சேரும் ஆவியை அளப்பது ஒன்று. கோபுரத்தில் கருவி கட்டிக் காற்றிலேயே ஓட்டத்தை, அதாவது ஒரு சதுர மீட்டர் கடலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஏறும் அளவை, அளப்பது இரண்டாவது. நீரில் கரைந்திருக்கும் பாதரச ஆவியையும் காற்றில் இருப்பதையும் தனித்தனியாக அளந்து, காற்றின் வேகத்தைச் சேர்த்துக் கணக்கிடுவது மூன்றாவது. ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அளப்பது நான்காவது. நாங்கள் எடுத்தது மூன்றாவதை. இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

மிதக்கும் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பரிமாற்றத்தை நடத்துவதே காற்றும் அலையும். பெட்டியைக் கவிழ்த்ததும் அந்த இரண்டையும் நாமே தடுத்துவிடுகிறோம். அசைவில்லாத குளம், ஏரி என்றால் சரி. திறந்த கடலுக்கு அது வேண்டாம்.

உண்மையான போட்டி கோபுரத்துக்கும் நீர்-காற்றுக் கணக்குக்கும் இடையில்தான். கோபுரத்தின் பக்கம் நியாயம் பலமாகவே இருக்கிறது. பரிமாற்ற வேகத்துக்காக வேறு வாயுக்களின் சூத்திரத்தை அது கடன் வாங்குவதில்லை. இரண்டு உயரங்களில் செறிவை அளந்து வித்தியாசத்திலிருந்து ஓட்டத்தைக் கணிக்கலாம். இல்லையென்றால் மேலே போகும் காற்றையும் கீழே வரும் காற்றையும் வேகமான வால்வு வைத்துத் தனித்தனியாகப் பிடிக்கலாம். காற்று வரும் திசையில் பரந்து கிடக்கும் கடற்பரப்பின் சராசரி கிடைக்கும். உடையும் அலை, நுரைக்குமிழி, மேலே படிந்த எண்ணெய்ப் படலம் எல்லாம் அதற்குள் தானாகவே அடங்கிவிடும். பால்டிக் கடலில் காட்லாந்துக்குக் கிழக்கே இருக்கும் எஸ்டர்கார்ன்ஸ்ஹோம் என்ற சிறு தீவில் இதைச் செய்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்தத் துறையில் நான் மதிக்கும் வேலைகளில் அது ஒன்று.

அப்புறம் ஏன் கோபுரத்தை எடுக்கவில்லை? வித்தியாசத்தின் அளவு காரணம். ஒரு சாதாரணக் கடல் நாளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காற்றில் ஒரு கன மீட்டருக்கு 1.5 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) தனிமப் பாதரச ஆவி, அதாவது மின்னேற்றம் இல்லாத பாதரசம், இருக்கிறது, நீர் 25 டிகிரி செல்சியஸ் என்று வையுங்கள். காற்றில் ஒரு வாயு எவ்வளவு இருந்தால் நீரில் எவ்வளவு கரையும் என்று சொல்லும் ஹென்றி விதிப்படி, இந்தக் காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 4.7 பிகோகிராம் (பிகோகிராம் என்பது நானோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கரைந்திருக்கும். கடல் மேற்பரப்பில் 20 பிகோகிராம் இருப்பது அபூர்வமே இல்லை. சூரிய ஒளியும் நுண்ணுயிரிகளும் நீரில் இருக்கும் அயனிப் பாதரசத்தை விடாமல் தனிமப் பாதரசமாக மாற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆக, சமநிலைக்கு வேண்டியதைப் போல நான்கு மடங்குக்கும் மேல் நீரில் நிறைந்திருக்கிறது. காற்றின் வேகம் வினாடிக்கு 7 மீட்டர் என்றால் பரிமாற்ற வேகம், அதாவது வாயு நீரின் மேற்பரப்பைக் கடக்கும் வேகம், மணிக்குச் சுமார் 12 செ.மீ. வரும். லிட்டருக்கு ஒரு பிகோகிராம் என்பதும் கன மீட்டருக்கு ஒரு நானோகிராம் என்பதும் ஒன்றுதான். எனவே 20க்கும் 4.7க்கும் உள்ள வித்தியாசமான 15.3ஐ 0.12ஆல் (12 செ.மீ. என்பது 0.12 மீட்டர்) பெருக்கினால் போதும். சதுர மீட்டருக்கு மணிக்கு ஏறத்தாழ 1.8 நானோகிராம் மேலே போகிறது.

இதே ஓட்டத்தைக் கோபுரத்திலிருந்து பார்ப்போம். மேல் கருவி கீழ்க் கருவியைப் போலப் பத்து மடங்கு உயரத்தில் இருக்கிறது, காற்றின் நிலைத்தன்மை நடுநிலை, அதாவது வெப்பம் காற்றின் கலப்பைக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, என்று வைத்தால், இரண்டுக்கும் நடுவே வரும் செறிவு வித்தியாசம் கன மீட்டருக்குச் சுமார் 0.012 நானோகிராம். 1.5இல் அது ஒரு சதவீதம்கூட இல்லை. அதாவது நீரில் நான்கு மடங்காகத் தெரியும் அதே ஓட்டம், காற்றில் ஒரு சதவீதத்துக்கும் கீழே ஒளிந்துகொள்கிறது. வினாடிக்குப் பத்து முறை அளந்து நேரடியாகக் கணக்கிடலாமே என்றால், இந்தச் சிறிய செறிவில் அவ்வளவு வேகமாகவும் நுணுக்கமாகவும் அளக்கும் பாதரசக் கருவி வழக்கத்தில் இல்லை.

இந்த ஒரு சதவீதம் கருவிக்கு முன்னால் என்ன பாடுபடுத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காற்று தங்கம் வைத்த குழாய் வழியாகப் போகிறது, பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்கிறது. குழாயைச் சூடாக்கினால் விட்டுவிடுகிறது. வெளியே வரும் அணுக்கள் 253.7 நானோமீட்டர் ஒளியில் ஒளிர்வதை எண்ணுகிறோம். ஒரு குழாய் பிடிக்கும்போது மற்றொன்று விடும்படி இரண்டு குழாய்கள் மாறி மாறி வேலை செய்யும். கடல் உப்பு மெல்ல மெல்லத் தங்கத்தின் பிடிப்பைக் கெடுக்கிறது. இரண்டு குழாய்களும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. அவற்றுக்கு நடுவே ஒரு சதவீத வேறுபாடு வந்துவிட்டால் கோபுரம் காட்டுவது கடலின் மூச்சா, குழாயின் சோர்வா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வடிகட்டியை மாற்றுவது, காற்றிலுள்ள அமில வாயுக்களைப் பிடிக்கும் சோடா சுண்ணாம்பை மாற்றுவது, இரண்டு உயரங்களின் உறிஞ்சுகுழாய்களையும் இடம் மாற்றிச் சரிபார்ப்பது என்று பராமரிப்பே முழுநேர வேலையாகிவிடும். நீர் முறையில் அதே குழாய்கள் அதே அளவு கெட்டாலும், நான்கு மடங்கு வித்தியாசத்தில் ஒரு சதவீதம் பெரிய சேதம் செய்யாது. இன்னொரு வசதியும் உண்டு. நீரிலிருந்து பிரித்த ஆவியையும் வெளிக்காற்றையும் ஒரே கருவிக்கு மாறி மாறிக் கொடுக்கலாம். அளவுத்திருத்தத்தில் வரும் பிழை இரண்டையும் ஒரே விகிதத்தில் மாற்றுவதால் விகிதம் கெடுவதில்லை.

கப்பலில் இதைச் செய்யும்போது நீரைப் பாட்டிலில் சேமிக்காமல், ஓடும் நீருக்கு எதிர்த்திசையில் காற்றை விட்டுத் தொடர்ச்சியாகச் சமநிலைப்படுத்துவதே நல்லது. பாட்டிலில் வெயில் பட்டால் உள்ளேயே புதிதாகத் தனிமப் பாதரசம் உருவாகும். இருட்டில் வைத்தாலும் இருப்பது மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து குறையும். காற்றை உறிஞ்சும் முனை புகைபோக்கிக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இந்த முறையின் பலவீனம் அந்த 12 செ.மீ.யில் இருக்கிறது. பாதரசத்துக்கென்று அளந்த வேகம் இல்லை அது. பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களுக்காக உருவான சூத்திரங்களை, பாதரசம் நீரில் பரவும் வேகத்துக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்துகிறோம். மிதமான காற்றில் சூத்திரங்கள் ஓரளவு ஒத்துப்போகின்றன. காற்று வலுத்தால் கதை வேறு. வினாடிக்கு 12 மீட்டர் காற்றில் 1986இல் வந்த லிஸ்-மெர்லிவாட் சூத்திரம் மணிக்குச் சுமார் 25 செ.மீ. என்கிறது, 1992இல் வந்த வான்னின்காஃப் சூத்திரம் சுமார் 45 என்கிறது. ஒரே கடல், ஒரே காற்று, விடை மட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. புயல் நாட்களின் எண்களை நான் தயக்கத்தோடுதான் பார்க்கிறேன். ஆனாலும் இந்தப் பிழையை நாளைக்குத் திருத்த முடியும். நீர், காற்று ஆகிய இரண்டின் செறிவும் பதிவில் இருந்தால், நல்ல பரிமாற்ற வேகம் கிடைக்கும் அன்றைக்குப் பழைய தரவுகளை எல்லாம் மறுபடி கணக்கிட்டுக்கொள்ளலாம். இரைச்சலில் மூழ்கிய ஒரு சதவீதத்தை அப்படி மீட்க வழியில்லை. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

ஐசோடோப்பைப் பற்றிச் சொல்ல எனக்குக் கையனுபவம் குறைவு, மற்றவர்கள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். அது கேட்கும் கேள்வியே வேறு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது என்று அது சொல்லாது, கடலில் இருக்கும் பாதரசம் எந்த வழியாக வந்தது என்று சொல்லும். பாதரசத்துக்கு ஏழு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. மழையில் வரும் பாதரசத்துக்கும் காற்றில் ஆவியாகத் திரியும் பாதரசத்துக்கும் பாதரசம்-200 ஐசோடோப்பின் கையெழுத்து, அதாவது அதன் விகிதம், வேறு வேறு. மத்தியதரைக் கடலிலும் வட அட்லாண்டிக்கிலும் எடுத்த நீரை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, மழையோடும் துகளோடும் இறங்குவதும் ஆவி நேராகக் கரைவதும் ஏறக்குறைய சம பங்கு என்று காட்டியது. அதற்கு முந்தைய மாதிரிகள் மழைக்குத்தான் பெரிய பங்கைக் கொடுத்திருந்தன. எங்கள் முறை தரும் நிகர எண் இந்த இருவழிப் போக்குவரத்தை மறைத்துவிடுகிறது. மேலே போட்ட கணக்கில்கூட நீரிலிருந்து 2.4 நானோகிராம் ஏறி, காற்றிலிருந்து 0.56 இறங்கித்தான் 1.8 வந்தது. நிகரத்தை மட்டும் வெளியிடாமல் இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கொடுக்கும் பழக்கம் பரவ வேண்டும் என்பது என் விருப்பம்.

உறைபனி மூடிய கடலுக்கு நான் சொன்ன எதையும் அப்படியே கொண்டுபோக வேண்டாம். பனி மூடியாக நின்று ஆவியைக் கீழே அடைத்து வைக்கிறது. வசந்தத்தில் புரோமின் காற்றில் இருக்கும் பாதரசத்தை ஆக்சிஜனேற்றிக் கீழே இறக்குகிறது. அங்கே காற்றின் வேகத்தை வைத்துப் போடும் கணக்குக்கு அர்த்தமே மாறிவிடும்.

நீர் முறையை எடுப்பவர்கள் இரவு அளவீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெயில் ஏற ஏற நீரில் தனிமப் பாதரசமும் ஏறி, மாலைக்குப் பிறகு இறங்குகிறது. பகல் மாதிரிகளை மட்டும் வைத்து நாள் முழுவதற்கும் பெருக்கினால் கடலின் பங்கு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். குளிர்ந்த நீரில் கணக்கு இன்னும் நுட்பமாகிறது. 5 டிகிரியில் சமநிலை அளவே லிட்டருக்கு 8.4 பிகோகிராம் வரை உயர்ந்துவிடும். ஒளி குறைந்த குளிர்காலத்தில் நீரில் இருப்பது அதற்கும் கீழே போனால், கொடுத்துக்கொண்டிருந்த கடல் வாங்கத் தொடங்கும்.