பழைய ஆர்சி டிரக்: பிரஷ்டு மோட்டாரா, பிரஷ்லெஸ்ஸா?

ஓய்ந்துபோன ஆர்சி டிரக்கை, அதாவது ரிமோட்டில் ஓடும் பொம்மை வண்டியைப் பிள்ளைகளோடு சேர்ந்து பிரித்து மாட்டப் போகிறீர்கள் என்றால், முதலில் முடிவு செய்ய வேண்டியது மோட்டார்.

பிரஷ்டு 540 மோட்டார் (உரசும் கார்பன் பிரஷ் வழியாக மின்சாரம் பெறுவது; 540 என்பது அளவு) மலிவு. வண்டியில் இருக்கும் ஸ்பீடு கண்ட்ரோலரே பெரும்பாலும் போதும். இரண்டே ஒயர், மாற்றி இணைத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும், அவ்வளவுதான். கார்பன் பிரஷ் தேயும், பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் கரி படியும், உண்மை. ஆனால் கழற்றக்கூடிய மோட்டாராக இருந்தால், சுருளுக்குள் மின்சாரம் எப்படிப் போகிறது என்பதைப் பிள்ளையின் கையில் வைத்தே காட்டலாம். பாடப்புத்தகப் படத்தில் அது கிடைக்காது.

பிரஷ்லெஸ்ஸில் தேய பிரஷ்ஷே இல்லை, வேகமும் அதிகம். ஆனால் அதற்கென்று தனி கண்ட்ரோலர் வேண்டும். அந்த வேகத்தைப் பழைய பிளாஸ்டிக் கியர் தாங்குமா? ஸ்பர் கியரின் (மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) பல் போனால் செலவு டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் கியர்) வரை நீளலாம். கூடவே லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி போட்டால், செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. சார்ஜ் ஏறும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரிக்கு இத்தனை கெடுபிடி இல்லை.

சின்னப் பிள்ளைகள் என்றால் என் ஓட்டு பிரஷ்டுக்கே. வேகப் பைத்தியம் பிடித்த பதினைந்து வயசுக்காரன் இருக்கும் வீட்டில் யார் சொன்னாலும் எடுபடாது. அங்கே மோட்டார் வாங்குவதற்கு முன்னால், அச்சுகள் உரசாமல் சுழல பால் பேரிங் வாங்கிவிடுங்கள்.