9 டன் ஹெச்.டி.டி. மெஷின்: மூன்று வருடம் ஆகியும் தீராத தொட்டித் தொல்லை

காரிமங்கலம் பக்கம் பைப்லைன் காண்ட்ராக்ட் எடுக்கும் நண்பர், பழைய 9 டன் ஹெச்.டி.டி. ரிக் (ரோட்டுக்கு அடியில் கிடையாகத் துளைத்து பைப் இழுக்கும் மெஷின்; 9 டன் அதன் இழுவிசை) ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டார். அதே வகையை ஓசூரிலிருந்து தொப்பூர் வரை மூன்று வருடம் ஓட்டியதில் தெரிந்ததை எழுதுகிறேன். எஞ்சின், ராடு (துளைக்கும் குழாய்) நீளம் எல்லாம் அவருக்கே தெரியும்.

மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செம்மண்ணிலும் சரளையிலும் பைலட் (முதலில் போடும் சிறு துளை) சொன்ன இடத்துக்குப் போகிறது. ராடைக் கழற்றும் பிடி இன்றுவரை வழுக்கியதில்லை. ரோட்டை வெட்டாமல், வண்டியை நிறுத்தாமல் 60 மீட்டர் கிராஸிங்கை ஒரே நாளில் முடிக்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குண்டுக்கல் மட்டும் இதற்கு ஆகாது. மண்ணுக்குள் கிடக்கும் கல்லில் பட்டால் சாய்வு பிட் (மண்ணைத் துளைக்கும் சாய்வான முனை) வழுக்கி ஒதுங்கும். பிட் எங்கே போகிறது என்று மேலிருந்து காட்டும் லொக்கேட்டரில் சரிவு திடீரென்று மாறினால் உடனே நிறுத்தி, ஒன்றிரண்டு ராடு பின்னால் இழுத்து வேறு கோணத்தில் போக வேண்டும். மேலும் தள்ளினால் ராடுதான் வளையும். பாறைக்கென்று தனி மெஷின் இருக்கிறது; அதற்காக இதைத் திட்டுவது நியாயமில்லை.

எனக்குக் கோபம் எல்லாம் கூடவே கொடுக்கும் ஆயிரம் லிட்டர் கலவைத் தொட்டி மேல்தான். துளைக்குள் விடும் பென்டோனைட்டை (தண்ணீரில் விரியும் களிமண் பொடி) அதில்தான் கலக்க வேண்டும்.

160 மி.மீ. ஹெச்.டி.பி.இ. (பிளாஸ்டிக்) பைப்புக்கு ஒன்றரை மடங்கு, அதாவது துளையைப் பெரிதாக்க 240 மி.மீ. ரீமர். மீட்டருக்கு 45 லிட்டர் மண் வெளியே வர வேண்டும். களி கலந்த மண்ணில் அதைப்போல மூன்று மடங்கு கலவை போனால்தான் அந்த மண் நகரும். அதாவது மீட்டருக்கு 135 லிட்டர், 60 மீட்டருக்கு 8,100 லிட்டர். பம்பு நிமிடத்துக்கு 95 லிட்டர் தள்ளும். பத்தரை நிமிடத்தில் தொட்டி காலி, பைப் ஏழரை மீட்டர்கூட வந்திருக்காது. பென்டோனைட் ஊறவே இருபது முப்பது நிமிடம் வேண்டும். ஆள் என்ன செய்வார்? அரைகுறையாகக் கலந்ததை அனுப்புவார், அவசரத்தில் வெறும் தண்ணீரையே விடுவார். மண் துளையின் அடியில் படியும், இழுவை பிரஷர் ஏறும், கலவை வெளியே திரும்பி வரும் வழி அடைபடும், கடைசியில் தார் ரோடு உப்பிக்கொண்டு வரும். ரோடு உப்பினால் எல்லாரும் ஆழம் போதவில்லை என்பார்கள். பாதி நேரம் காரணம் இந்தத் தொட்டிதான்.

இதில் நம்ம ஊர்த் தண்ணீர் வேறு. போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் பென்டோனைட் விரியாது. தொட்டிக்குள் கைவிட்டு அள்ளிப் பாருங்கள்: ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள் வரும். ஒன்றை நசுக்கினால் வெளியே வழவழப்பு, உள்ளே காய்ந்த பொடி. நாசில் அடைவது இதனால்தான். புது டேங்கர் வந்ததும் ஒரு பாட்டிலில் கொஞ்சம் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். மேலே தெளிந்த தண்ணீர் பிரிந்து நின்றால் அந்தத் தண்ணீரை அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

அந்தச் சுண்ணாம்பை முறிக்க முதலில் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்), ஆயிரம் லிட்டருக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ; சமையல் சோடா அல்ல. பி.ஹெச். தாளில் 8.5க்கு மேல், 9.5க்குள் வர வேண்டும். அதன் பிறகு நல்ல ரகப் பென்டோனைட் 25 முதல் 35 கிலோ, சுற்றும் தண்ணீரில் மெல்லத் தூவ வேண்டும். மூட்டையோடு கவிழ்க்கக் கூடாது. மண் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் பாலிமர் கடைசியில். அதை முதலில் போட்டால் பென்டோனைட்டைப் போர்த்திக்கொண்டு ஊற விடாது. கலவையின் கெட்டியை வடியும் நேரத்தால் அளக்கும் மார்ஷ் புனலில் வெறும் தண்ணீர் 26 நொடி. களிமண்ணுக்கு 35 முதல் 40 நொடி போதும், சரளைக்கு 50ஐத் தாண்டலாம். ஏரியை ஒட்டிய களியில் பென்டோனைட்டைக் கூட்டுவதால் பலனில்லை. பாலிமர்தான் மண் ரீமரில் உருண்டையாக ஒட்டாமல் காக்கும்.

இரண்டாயிரம் லிட்டரில் இரண்டு தொட்டி வைத்து, ஒன்று ஊறும்போது இன்னொன்றிலிருந்து பம்பு எடுக்கும்படி வால்வு போட்டதும்தான் இந்த மெஷின் மெஷினாக இருந்தது. அதற்குப் பிறகும் ஒரு கண்டிப்பு வேண்டும்: மேலே சொன்ன 160 பைப்புக்கு 3 மீட்டர் ராடு ஒன்றை இழுக்க நாலேகால் நிமிடம். ஒரு நிமிடத்தில் இழுத்துவிட்டேன் என்று பெருமை பேசும் ஆபரேட்டரை வேலையில் வைக்காதீர்கள். வெளியே வந்த கலவையைச் சல்லடை இல்லாமல் திரும்பப் பம்புக்கு விடவும் கூடாது. மணல் போய் பிளஞ்சர் பேக்கிங்கையும் வால்வு சீட்டையும் தின்றுவிடும்.

இவ்வளவு நல்ல மெஷினை வாங்காதீர்கள் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். சித்திரை வைகாசியில் ஒரு கிராஸிங்குக்கு எட்டாயிரம் லிட்டர் தண்ணீருக்கு அலைகிற ஊரில், அந்தத் தொட்டியைத் தலையில் கட்டி முழு விலை கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டாயம் வாங்குவேன் என்றால் தொட்டியை அவர்களிடமே விட்டுவிட்டு, அதன் விலையைக் கழித்துக்கொண்டு பேசச் சொல்லியிருக்கிறேன்.